பழைய மாடல் 70 ரைஃபிள் வாங்கி நான் பட்ட பாடு

டெக்சஸில் இருக்கும் தமிழர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களும் அதைப் பற்றி நம்மவர்களிடம் அதிகம் வாய் திறப்பதில்லை. பொங்கல் விழாவில் யாரிடமாவது "மான் சீசனுக்குப் போயிருந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அப்படியே நின்றுவிடும். நான் வளர்ந்த ஊரில் துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளிலும் வங்கிக் காவலாளி கையிலும் பார்த்ததோடு சரி. அதனால் ஒரு நல்ல பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் என்ற எஃகுத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வாங்க ஆசை வந்தபோது, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போக எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு வேட்டைப் பருவம் வீணாயிற்று, 3,600 டாலருக்கு மேல் செலவாயிற்று. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. இதே ஆசையில் இருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரைஃபிளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாள் நிலைமை மாறிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும், அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். பல வருடம் காத்திருந்து கிடைக்கப்போகும் க்ரீன் கார்டை ஒரு துப்பாக்கிக்காகப் பணயம் வைக்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் க்ரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். அப்புறம், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட, ஹன்ட்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பு நன்றாகவே இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது வின்செஸ்டர் மாடல் 70. அதிலும் 1964-க்கு முன்னால் செய்தது. இந்த வருடக் கணக்கு எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாடல் 70 சந்தைக்கு வந்தது 1930-களின் பிற்பாதியில். அதன் போல்ட்டின் பக்கத்தில் நீளமான எஃகுக் கவ்வி ஒன்று ஓடும், ஜெர்மானிய மவுசர் 98-இல் இருப்பதைப் போன்றது. மேகசினிலிருந்து தோட்டா மேலே வரும்போதே இந்தக் கவ்வி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்து, சுட்ட பிறகு வெளியே இழுத்து எறியும் வரை விடாது. அவசரத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பாதியில் இழுத்தாலும் தோட்டா உள்ளே அனாதையாகக் கிடக்காது. 1964-இல் செலவைக் குறைக்க வடிவமைப்பை மாற்றினார்கள். கவ்வி போயிற்று, மரக் கைப்பிடிக் கட்டையில் கையால் வெட்டிய கோடுகளுக்குப் பதிலாக அழுத்திப் பதித்த கோடுகள் வந்தன. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், பழையவற்றின் விலை ஏறத் தொடங்கியது, இன்றுவரை இறங்கவில்லை. 1990-களில் கவ்வி திரும்பி வந்தும் "ப்ரீ-64" என்ற பேருக்குத் தனி மவுசுதான்.

அந்த மவுசுதான் விற்பவனுக்கு வசதி. ஆஸ்டினிலிருந்து மேற்கே, ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு சிறிய ஊர்க் கடையில் ஒன்று கமிஷன் விற்பனைக்கு வந்திருந்தது, அதாவது அதன் சொந்தக்காரர் விற்றுத் தரச் சொல்லிக் கடையில் கொடுத்திருந்தார். .30-06 அளவு, சாதாரண எடைக் குழல். வால்நட் கட்டை மினுமினுத்தது, குழலின் நீலப் பூச்சு ஆழமாக இருந்தது. "எல்லாம் ஒரிஜினல், ஒரே கைதான் மாறியிருக்கிறது, வருடத்துக்கு ஒரு மான் சுட்டிருப்பார்" என்றார் கடைக்காரர். சீரியல் எண்ணைப் பார்த்தேன், ஐந்து லட்சத்துக்குள் இருந்தது (7 லட்சத்தைத் தாண்டினால் 1964-க்குப் பிந்தையது). போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. விசை சுத்தமாக விழுந்தது. 1,750 டாலர். ஒரு ரூபாய் பேரம் பேசினால்கூட வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருந்தது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று அச்சிட்டிருந்தார்கள். எல்லாக் கடை ரசீதிலும் அது இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

சுடுதளத்தில் 100 கெஜத்தில் அட்டை வைத்து, மணல் பையில் ரைஃபிளைச் சாய்த்துச் சுட்டேன். ஐந்து குண்டும் ஐந்து அங்குலத்துக்குப் பரவி விழுந்தன. வெறும் பரவல் என்றால்கூடச் சமாளித்திருக்கலாம். குழல் ஆறியிருக்கும்போது சுடும் முதல் குண்டு ஒரு நாள் இடப்பக்கம் மேலே, அடுத்த முறை வலப்பக்கம் கீழே என்று அலைந்தது. வேட்டையில் அந்த முதல் குண்டு மட்டும்தான் கணக்கு. மானுக்கு முன்னால் இரண்டு குண்டு சுட்டுக் குழலைச் சூடாக்கிக்கொள்ள யாரும் விடமாட்டார்கள்.

சரி, ஸ்கோப்தான் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பழசு என்றார்கள். 450 டாலருக்குப் புதியது வாங்கினேன். அதற்குத் தோதான பிடிகள் 80 டாலர். இந்த ரைஃபிளுக்கு இந்தத் தோட்டா ஒத்துவரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். 150 கிரெய்ன், 165, 180 என்று எடை மாற்றி, கம்பெனி மாற்றி வாங்கினேன். நான் வாங்கியவற்றில் இருபது தோட்டா உள்ள எந்தப் பெட்டியும் 40 டாலருக்குக் குறையவில்லை, நல்ல வேட்டைத் தோட்டா இன்னும் மேலே. தோட்டாவுக்கு மட்டும் சுமார் 350 டாலர். தோள் கன்றிப்போனதுதான் மிச்சம். என் கைதான் சரியில்லையோ என்ற சந்தேகம் வேறு அரித்தது. வேட்டைக்குப் புதியவனை அந்த எண்ணம் எளிதாகப் பிடித்துக்கொள்ளும், கடைக்காரர்களும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். இதைத் தீர்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: நன்றாகச் சுடத் தெரிந்த வேறு ஒருவரிடம் உங்கள் ரைஃபிளைக் கொடுங்கள், அவருடையதை நீங்கள் சுடுங்கள். பக்கத்து மேசைக்காரரின் ரைஃபிளில் எனக்கு ஒன்றரை அங்குலம் விழுந்தது. என்னுடையதில் அவருக்கும் ஐந்து அங்குலம். அன்றைக்கே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

இப்போது யோசித்தால், ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் காசைக் கொட்டுவதற்கு முன்னால் காசு செலவாகாத பரிசோதனைகள் எத்தனையோ இருந்தன. முதலில் திருகுகள். மாடல் 70-இன் அடியில் கட்டையையும் இரும்பையும் பிணைக்கும் திருகுகள் மூன்று. முன் திருகும் பின் திருகும் இறுக்கமாக இருக்க வேண்டும். நடுத் திருகு சும்மா பிடித்தால் போதும், அதையும் முறுக்கி இறுக்கினால் போல்ட் ஓடும் உடற்பகுதியான ஆக்‌ஷன் நடுவில் வளையும், குண்டு சிதறும். என்னுடையதில் மூன்றையும் யாரோ ஒரே பலத்தில் முறுக்கி வைத்திருந்தார்கள், நடுத் திருகின் தலை நைந்தே போயிருந்தது. பழைய சாதாரண எடைக் குழலில் இன்னொரு சங்கதியும் உண்டு: குழலின் நடுவில் ஒரு புடைப்பு இருக்கும், முன்கட்டையிலிருந்து ஒரு திருகு அதில் போய்ப் பிடிக்கும். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அந்த ஆட்டத்தையெல்லாம் இந்தத் திருகு குழலுக்குக் கடத்திவிடும். 1952-இல் வந்த ஃபெதர்வெயிட் என்ற எடை குறைந்த மாடல் 70-இல் இந்தப் புடைப்பு கிடையாது. திருகுகளைச் சரியாக வைத்த பிறகு ஐந்து அங்குலம் மூன்றரை ஆயிற்று. முன்னேற்றம்தான், ஆனால் வியாதி அது இல்லை.

வியாதியைக் கண்டுபிடித்தவர் சுடுதளத்துக்கு வரும் ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சிமென்ட் தரையில் கிடந்த, நான் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றைக் குனிந்து எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என் பெட்டியிலிருந்து சுடாத தோட்டா ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார். தெரிந்தது. சுடாத தோட்டாவின் தோள், அதாவது கூடு குறுகத் தொடங்கும் இடம், மெல்லச் சரிந்து கழுத்துக்குப் போனது. சுட்டதன் தோள் வெடுக்கென்று மடிந்து நின்றது, உடம்பும் பருத்திருந்தது. இத்தனை நாளும் என் காலடியில் கிடந்த கூடுகள் அவை. குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். .30-06 தோட்டாவின் தோள் பதினேழரை டிகிரி சரிவு. பி. ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் பல தோட்டாக்களின் உடம்பை நேராக்கி, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தி, உள்ளே கூடுதல் வெடிமருந்து பிடிக்கும்படி மாற்றினார். அவற்றை ஆக்லி இம்ப்ரூவ்டு என்பார்கள். சாதாரணத் தோட்டாவையே அந்த அறையில் போட்டுச் சுடலாம், வெடிக்கும்போது கூடு விரிந்து புது வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் அப்படி அறையை வெட்டுவதற்கு முன், குழலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பொருத்த வேண்டும், அப்போதுதான் சாதாரணத் தோட்டா ஆடாமல் உட்காரும். எனக்கு முன்னால் என் ரைஃபிளை வைத்திருந்த யாரோ அறையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். குழலில் .30-06 என்ற பழைய முத்திரையை அப்படியே விட்டுவிட்டார்கள். குழலைப் பின்னுக்குத் தள்ளவும் இல்லை. சுட்ட கூட்டின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்ததைப் பெரியவர் நகத்தால் காட்டினார். பித்தளை இழுபட்டு மெலிந்துபோனதன் அடையாளம் அது. "இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்" என்றார். .30-06-இல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும். அந்த இடத்தில் கூடு அறுந்தால் சூடான வாயு பின்பக்கம், முகம் இருக்கும் திசையில் வரும். பணம் போன கவலையெல்லாம் அப்போதுதான் சின்னதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது கை நடுங்கியது.

அடுத்த வாரம் ஒரு நல்ல துப்பாக்கிக் கம்மியரிடம் போனேன். பரிசோதனைக்கு 85 டாலர். அறையின் ஆழத்தை அளக்க எஃகில் செய்த கேஜ்கள் உண்டு. "கோ" கேஜில் போல்ட் மூட வேண்டும், "நோ-கோ" கேஜில் மூடக்கூடாது. என்னுடையது நோ-கோவில் தடையே இல்லாமல் மூடிக்கொண்டது. பிறகு மெல்லிய கேமராவைக் குழலுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்குழலின் திருகு வரிகள்) தொடங்கும் இடம் வெந்து, முதலைத் தோல் போல வெடித்துக் கிடந்தது. வருடத்துக்கு ஒரு மான் சுட்ட குழல் அப்படி ஆகாது. குழலின் வாய் விளிம்பிலும் ஒரு பக்கம் சின்ன நசுங்கல். நீலப் பூச்சும் பிற்பாடு போட்டது என்றார். முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தது, திருகுத் துளைகளின் ஓரம் மெருகேற்றும் சக்கரத்தில் தேய்ந்து குழிந்திருந்தது. இதெல்லாம் சொன்ன பிறகு யாருக்கும் தெரியும். ஆழமான கறுநீலம் அழகு என்று நான் மயங்கியதே அந்தப் புதுப் பூச்சைப் பார்த்துத்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். கமிஷனுக்கு வந்த பொருள், விற்றவருக்குப் பணம் கொடுத்தாயிற்று, ரசீதைப் படியுங்கள் என்றார்கள். "எல்லாம் ஒரிஜினல்" என்று சொன்னீர்களே என்றதற்கு, அவர் சொன்னதைத்தான் நாங்கள் சொன்னோம் என்றார்கள். அதை எழுதி வாங்கியிருந்தால் பேச ஒரு பிடி இருந்திருக்கும். வேறொரு வியாபாரியிடம் உள்ளதைச் சொல்லி விலை கேட்டேன். ஆக்‌ஷனுக்காக 900 தருகிறேன் என்றார்.

இனிமேல் நான் கடை மேசையிலேயே பார்ப்பவை இவை. போல்ட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பேன். காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல் வாயின் உள்விளிம்பில் சுற்றிப் பார்ப்பேன், பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. திருகுத் தலைகள் நைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பின்கட்டையை வெட்டி ரப்பர் மெத்தை ஒட்டியிருக்கிறதா, ஸ்கோப்புக்காகக் கூடுதல் துளை போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். சேகரிப்பாளர் கொடுக்கும் விலையில் ஒரு துளை பல நூறு டாலரைத் தின்றுவிடும். சுடுவதற்கு மட்டும் வாங்குகிறவருக்கு அதே துளை நல்ல பேரம். விற்பவர் சம்மதித்தால் கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய மாடல் 70 குழலின் அடிப்பக்கம் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் அடித்திருக்கும், அது சீரியல் எண்ணின் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தால் மரம் எங்கே ஒருபக்கமாக அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். இத்தனையிலும் என் ரைஃபிளின் நோய் முழுதாகத் தெரிந்திருக்காது. அறையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதற்கு ஒரே வழி, அந்த ரைஃபிளில் சுட்ட கூடு ஒன்றைக் கேட்பது. இல்லையென்றால், கம்மியர் கேஜ் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மீதிப் பணம் என்று எழுதி வாங்குவது. இணையத்தில் விற்கும் வியாபாரிகள் பலர் பார்த்துவிட்டுத் திருப்ப மூன்று நாள் தருகிறார்கள், சுடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த மூன்று நாள் கேஜ் வைத்துப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

900-க்குக் கொடுத்துவிட்டு ஒரு டிக்கா வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். நியாயமான யோசனைதான். ஃபின்லாந்தில் செய்யும் அந்த ரைஃபிள் ஆயிரம் டாலருக்கு உள்ளேயே கிடைக்கும், பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஒரு அங்குலத்துக்குள் சுடும். முதல் ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. ஆக்‌ஷன் பழுதில்லை என்று கம்மியர் உறுதியாகச் சொன்னார், கவ்வியும் விசையும் அப்படியே இருந்தன. பெரிதாக்கிய அறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரக் குழலை ரொம்பத் தூரம் வெட்ட வேண்டியிருக்கும், அது வேலைக்கு ஆகாது. அதனால் புதுக் குழல் போட்டோம், கூலியோடு 925 டாலர். நல்ல கம்மியர்களிடம் வரிசை நீளம். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் பருவம் தொடங்கியபோது என் ரைஃபிள் அவர் அலமாரியில் இருந்தது. ஜனவரியில் பருவம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அந்த வருடம் மான் இறைச்சியை நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பினார், வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இப்போது அது ஒன்றேகால் அங்குலத்தில் சுடுகிறது. முதல் குண்டு சொன்ன இடத்தில் விழுகிறது. ஒரு அங்குலத்துக்குள் சுடாத ரைஃபிள் குப்பை என்று பேசுகிறவர்கள் பேசட்டும். ஹில் கன்ட்ரியில் பரணிலிருந்து சுடும் தூரம் பெரும்பாலும் 150 கெஜத்தைத் தாண்டாது, மானின் உயிர்நிலை எட்டு அங்குல வட்டம். இரண்டு அங்குலத்தில் தவறாமல் சுடும் ரைஃபிள் போதும். மூன்று குண்டு சுட்டுக் கிடைத்த நல்ல அட்டையைப் படம் பிடித்துக் காட்டுவதை நம்பாதீர்கள், மோசமான குழலும் எப்போதாவது மூன்றைச் சேர்த்து வைக்கும். விற்பவர் அட்டை காட்டினால் ஐந்து, பத்து குண்டு சுட்ட அட்டையைக் கேளுங்கள்.

வீட்டில் பூட்டும் பெட்டி வாங்கிய பிறகுதான் ரைஃபிள் உள்ளே வந்தது. மனைவி போட்ட ஒரே நிபந்தனை அது, டெக்சஸ் சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கவனமில்லாமல் விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்குப் போனால் விட்டவர்மேல் வழக்கு வரும். தோட்டா வேறு அலமாரியில், வேறு சாவியில். புதுக் குழலில் அளவைத் தெளிவாக முத்திரை அடிக்கச் சொன்னேன், கம்மியரின் ரசீதை ரைஃபிளோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு விற்றால் அதுவும் சேர்ந்து போகும், விலை குறைந்தாலும் சரி.

இப்போதெல்லாம் யாராவது பழைய ரைஃபிளை எடுத்து நீட்டினால், இதில் சுட்ட கூடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு வயதான கடைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து இரண்டு கூடுகளை மேசையில் வைத்தார். ப்ரீ-64 ஃபெதர்வெயிட், .270 அளவு. தோள் சரியான சரிவில் இருந்தது, வளையம் இல்லை. 2,200 கேட்கிறார். வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.